பதினொரு கையெழுத்து

ஜூன் 8, ஞாயிறு
புழுக்கம். சர்க்கரை டப்பாவில் எறும்பு, வெயிலில் வைத்தேன். மாலை நம் குவார்ட்டர்ஸில் மீட்டிங். எங்கள் கயல் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு தமிழ் மீடியத்தில் மொத்தமே பதினொரு பிள்ளைகள். ஆட்கள் ரிட்டையர் ஆகி ஆகி ப்ளாக்கே காலி, பிள்ளைகளுக்கு எங்கே போவது? பத்துக்குக் கீழே போனால் வகுப்பு கிடையாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். எல்லாருக்கும் வடலூர் பிரைவேட் ஸ்கூல் மேல் கண். நான்தான் பேசினேன். யாரும் டி.சி. வாங்கக் கூடாது, போனால் சேர்ந்து போவோம். நோட்டில் பதினொரு வீட்டுக் கையெழுத்து. முதலில் போட்டது பக்கத்து வீட்டு மலர். இவர் மட்டும் உள்ளே வந்து, “எதுக்கும் அங்க ஒரு சீட் சொல்லி வெப்பமா?” என்றார். திட்டினேன்.

ஜூன் 9, திங்கள்
வாங்க: துணி சோப்பு, உளுந்து, ஜாமெட்ரி பாக்ஸ். இவர் செகண்ட் ஷிஃப்ட். மலர் காலையிலேயே பட்டுப்புடவை, பையனும் கூட. “குள்ளஞ்சாவடில ஒரு விசேசம்க்கா.” கலர் நன்றாக இருந்தது, சொன்னேன்.

ஜூன் 11, புதன்
கயல் வந்ததும் பையைப் போட்டாள். “கிளாஸ்ல நான் மட்டும்தாம்மா. டீச்சர் அட்டென்டன்ஸே எடுக்கல.”
மூன்றே நாளில் பத்து டி.சி. மலர் போன விசேஷம் அதுதான். நான் வேறு புடவையைப் பாராட்டினேனே, முட்டாள்.

ஜூன் 12, வியாழன்
வடலூர் போனேன். சீட் இல்லை. கடைசி சீட் நேற்று போனதாம். திரும்பி வந்து ஹெச்.எம்.மைப் பார்த்தேன். “ஒரு பிள்ளைக்கு வகுப்பு நடத்த முடியாதும்மா. திங்கக்கிழமைலருந்து இங்கிலீஷ் மீடியத்துல உக்காரட்டும், சமாளிச்சுக்கும்.” கணக்கும் சயின்ஸும் இங்கிலீஷில். சமாளிக்கப்போவது அவர் பிள்ளையா? தலைவலி. இரண்டு வேளையும் ரசம்.

ஜூன் 13, வெள்ளி
பால் பூத்தில் மலர். ஒதுங்கப் பார்த்தேன், விடவில்லை.
“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எல்லாரும் இருக்காங்களே, நம்ம புள்ள ஒண்ணு போனா கிளாஸ் மூடிடுமான்னு நெனச்சிக்கினு போனோம். எல்லாருமே அப்பிடித்தான் நெனச்சிருக்காங்க. அக்கா எப்பிடியும் இருப்பாங்க, அங்க சரிப்படலன்னா திரும்பி வந்துக்கலாம்னு ஒரு தைரியம்.”
என்னை நம்பித்தான் போனார்களாம்! என் பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.
சாப்பிடும்போது கயல் கேட்டாள். “அப்பா சொன்னப்பவே சீட் சொல்லி வெச்சிருக்கலாமில்லம்மா?”
அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு அப்பளத்தை அவள் தட்டில் வைத்தேன். ஆமாம், சொல்லி வைத்திருக்கலாம்தான்.