மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட மத்தியானம்

தோட்டத்து லயம்,
1952, ஆவணி மாதம்.

அன்பு மகள் மீனம்மாவுக்கு, அப்பா முனுசாமி சொல்லச் சொல்ல அம்புரோஸ் எழுதுவது. நான் சுகம். செலண்டாரில் சின்னம்மா வீட்டில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை. இதைத் தபாலில் போடவில்லை. அம்புரோஸ் சம்சாரம் பிரிஜிட் பசாருக்குச் சாமான் வாங்க வரும்போது கையில் தருவாள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் புருஷன் சேகரனை போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தேன். இளைத்திருக்கிறான். அடிக்கவில்லை என்றான். தோட்டத்து வேலிக்கு வெளியே அரிசியோடு கிடந்த ரப்பர் பால் வாளியில் அவன் நம்பர் இருந்ததுதான் வினை. காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டு ஆட்களுக்கு அரிசி கொடுத்தவன் என்று முடிவானால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்களாம். கைக்குழந்தையாக இங்கே வந்தவனுக்கு அங்கே யாரைத் தெரியும்? அவன் அண்ணன் எங்கே என்றும் கேட்கிறார்கள். கிள்ளானில் வேலை என்றுதான் நமக்குத் தெரியும். உனக்கும் அதுதான் தெரியும்.

அந்த வாளி கிடந்த அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டில்தான் இருந்தாரா என்று பிரிஜிட்டிடம் கேட்டு அனுப்பியிருந்தாய். இது என்ன கேள்வி? நீ அசந்து தூங்கிவிட்டாய். அவன் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்து, குளிருதென்று கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தான். நான் கஞ்சி வைத்தேன். அவன் பாதி குடித்தான். நீ எழுந்து பார்த்தபோதும் படுத்திருந்தான். நீ பார்த்தாய். உனக்கு ஞாபகம் வராவிட்டால் என் ஞாபகத்தை வைத்துக்கொள். அந்த வாளியை ஸ்டோரிலிருந்து எவனோ எடுத்துப் போயிருக்கிறான்.

இதை இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். மலாக்காவிலிருந்து வந்தவர், தனபாலன் என்று பேர், நம்ம தமிழர்தான். நாற்காலி போட்டு, கோப்பியும் வாங்கிக் கொடுத்தார். திரும்பச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இன்னொரு தரம் என்றார். சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டே, "தாத்தா, கண்ணால பார்த்தவன் ஒரு தரம் முன்னே பின்னே சொல்லுவான். நீங்க பாடம் ஒப்பிக்கிறீங்க" என்றார்.

எழுத்துத் தெரியாதவனுக்கு எல்லாமே பாடந்தான் ஐயா, கங்காணி என்னை வைத ஒவ்வொரு வசவும் இன்னும் வரிசையாகச் சொல்லுவேன், கேட்கிறீர்களா என்றேன். பக்கத்தில் நின்ற மலாய்க்காரக் காவலருக்கு அதை எடுத்துச் சொன்னார். அவரும் சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் அதோடு விட்டிருக்கலாம். கஞ்சி குடிக்கும் முன்னே என்ன நடந்தது, அங்கிருந்து பின்பக்கமாகச் சொல்லுங்கள் என்றார். எனக்கு வரவில்லை, ஆத்தா. நம் லயத்தில் யாருக்கு எந்த வருஷம் பிள்ளை பிறந்தது என்று எங்கே தொட்டாலும் சொல்லுகிறவன் நான். அந்த மத்தியானத்தை மட்டும், மரம் வெட்டிவிட்டு வந்தான் என்று முதலிலிருந்து தொடங்கினால்தான் வாயில் வருகிறது. தொடங்கினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். உங்கள் மகளைப் பார்க்கிறேன் என்றார்.

வருவார். நல்ல மாதிரியாகத்தான் பேசுவார், அதுதான் எனக்குப் பயம். நான் சொன்னதை நீ வரிசையாகச் சொல்லாதே. கம்பளி என்ன நிறம் என்றால் தெரியாது என்று சொல். கஞ்சியை ரசம் என்று மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை. திரும்பக் கேட்டால் கோபப்படு. பிள்ளைத்தாச்சியை ஏன் வதைக்கிறீர்கள் என்று அழு. படுத்திருந்தான் என்கிற ஒன்றை மட்டும் விட்டுவிடாதே.

அம்புரோஸ் எழுதுகிறதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். எழுதும் ஐயா என்றேன். எழுதுகிறார்.

இடுப்பு வலி கண்டால் சின்னம்மாவிடம் உடனே சொல். கனமாக எதையும் தூக்காதே. உன் பிள்ளையை அதன் அப்பன் மடியில் வைத்துத்தான் பேர் வைக்க வேண்டும். அதுவரைக்கும், என்னிடம் இல்லாத மறதியை மாரியாத்தா உனக்குக் கொடுக்கட்டும்.

உன் அப்பா,
முனுசாமி (கைநாட்டு)