ஜெசியிடம் சொல்லாத வேலை

பரங்கிமலை, சென்னை
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எழிலரசி எழுதுவது. நான் நலம். நீங்களும் அண்ணனும் என் மகள் ஜெசியும் நலமா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களுக்குப் போன் தருகிறார்கள். நான் கூப்பிட்டால் நீங்கள் எடுத்து, "ஜெசி, உங்கம்மா" என்று அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். என் கணவர், உங்கள் தம்பி, உயிரோடு இருந்தபோது என்னிடம் மணிக்கணக்கில் பேசியவர் நீங்கள். கோபம் என்று தெரிகிறது. கடிதத்தையாவது முழுதாகப் படிப்பீர்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என்னோடு ராணுவ அதிகாரிப் பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. எனக்கு முப்பத்து நான்கு. முதல் நாள் ஓட்டத்தில் கடைசி. மறுநாளும் கடைசி. அதற்கடுத்த நாள் எனக்கும் பின்னால் ஒருத்தி வந்தாள். பாவம், அவளுக்குக் காலில் சுளுக்கு. பணியில் இறந்த வீரர்களின் மனைவிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் என்னை எடுத்தார்கள். ஓடும்போது அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. முடியையும் கழுத்தோடு வெட்டிவிட்டார்கள்.

அவர் போன பிறகு ஆரணியில் என்னைப் பார்த்த எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டே கிழவியாக என்னால் முடியாது அண்ணி. என் மகளை நானே நிமிர்ந்து நின்று வளர்க்க வேண்டும்.

ஜெசி என்னைத் தேடுகிறாளா? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அன்புடன்,
எழிலரசி


சேசு மரி சூசை துணை

ஆரணி
6 மே 2024

அன்புள்ள எழிலுக்கு பாக்கியமேரி எழுதிக்கொண்டது.

இங்கே சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். கோபம்தான். இல்லை என்று எழுத எனக்கு வராது. சிக்கிமில் வண்டி கவிழ்ந்து என் தம்பி அருள்ராஜைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோது நீ மயங்கிக் கிடந்தாய். பெட்டிமேல் போர்த்தியிருந்த கொடியைக் கை நீட்டி வாங்கியவள் நான். மூன்று வருஷம்தான் ஆகிறது. அதே வேலைக்கு நீயும் கிளம்பினால் நான் கைதட்ட வேண்டுமா? இங்கே பக்கத்துச் சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலைக்கு சிஸ்டரிடம் சொல்லி வைத்திருந்தேனே, அதற்கு என்ன குறை?

ஜெசி முதல் வாரம் அழுதாள். இப்போது என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள். தறிச் சத்தம் இருந்தால்தான் தூக்கமாம். உன் அண்ணன், "இதுக்காக நான் நெய்துகினே இருக்கணும் போலகீது" என்று அலுத்துக்கொள்கிறார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே சந்தோஷம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பிள்ளைச் சத்தம் கேட்காத வீடு இது, உனக்குத் தெரியாததா.

உனக்கு முடி வெட்டிவிட்டார்கள் என்றதும் குழந்தை பயந்துபோனாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு கொடுத்தாய் என்று சொல்லியிருக்கிறேன். நீ மாற்றிச் சொல்லி என்னை மாட்டிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பாக்கியமேரி


பரங்கிமலை
13 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

விடுமுறை முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அங்கேயே கேட்டிருக்க வேண்டியது. அண்ணன் முன்னால் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

ஜெசி என் மடியில் உட்கார்ந்து, "அம்மா, உன் கடைக்குப் பொடவ வாங்க நெறைய பேரு வர்றாங்களா?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சுக் கொடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, நான் தி.நகரில் ஒரு பட்டுக் கடையில் வேலை செய்கிறேனாம். மாதாவுக்கு முடி கொடுத்ததும் அந்த வேலை கிடைத்ததற்காகவாம். கதையை நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

குழந்தை முன்னால் உங்களைப் பொய்க்காரி ஆக்க மனம் வரவில்லை. "ஆமாண்டி, வர்றாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்கு என்மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

முதுகில் மூட்டையும் கையில் துப்பாக்கியுமாக நெடுந்தூர ஓட்டம் ஓடி முடித்தேன் அண்ணி. இந்த முறை கடைசி இல்லை. அதை யாரிடம் சொல்லிப் பெருமைப்பட ஆசைப்பட்டேனோ, அவளுக்கு நான் கடையில் புடவை மடிக்கிறவள். மடிப்பது கேவலம் என்று சொல்லவில்லை. நானும் நெசவுக்காரர் வீட்டு மருமகள்தான். ஆனால் அது நான் இல்லையே. ஏன் இப்படிச் செய்தீர்கள்?

எழிலரசி


சேசு மரி சூசை துணை

ஆரணி
28 அக்டோபர் 2024

எழிலுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்பா அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். நம்முடையவள் எழுந்து, "எங்கப்பா மிலிட்டரி. மிலிட்டரிக்குப் போனா பொட்டியில போட்டு அனுப்பிடுவாங்க" என்றாளாம். வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல், "அத்தே, எங்கம்மா இன்னா வேலைக்குப் போயிகீது?" என்று என்னைக் கேட்டாள். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? என் வாயில் கடைதான் வந்தது. இந்த ஊரில் பட்டுக் கடையை நம்பாத பிள்ளை உண்டா?

இன்னொன்றும் கேட்கிறேன். கிளம்புகிற அன்றைக்கு நீ அவளிடம் என்ன சொன்னாய்? "அம்மா படிக்கப் போறேன்" என்றாய். மிலிட்டரி என்ற சொல்லை நீயும்தான் எடுக்கவில்லை. அதனால் என்னை மட்டும் கூண்டில் ஏற்றாதே.

தீபாவளிக்குத் தெருவில் இப்போதே வெடிக்கிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடிவந்து என் மடியில் விழுகிறாள். எனக்கும் ஒரே பேஜாராக இருக்கிறது.

பாக்கியமேரி


பரங்கிமலை
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதியது சரி. நானும் சொல்லவில்லை. பதில் எழுத வெட்கமாக இருந்ததால்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் இரண்டாம் வாரம் எங்கள் நிறைவு அணிவகுப்பு. இங்கே ஒரு வழக்கம் உண்டு. அணிவகுப்பு முடிந்ததும் வீட்டு மனிதர்கள் வந்து எங்கள் இரண்டு தோளிலும் பதவி நட்சத்திரத்தை மூடியிருக்கும் துணியைப் பிரித்துத் திறந்துவிட வேண்டும். பெரும்பாலும் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். எனக்கு இருவருமே இல்லை. ஒரு தோளுக்கு ஜெசி, இன்னொரு தோளுக்கு நீங்கள் என்று மனதில் வைத்திருக்கிறேன்.

முதலில் ஜபல்பூருக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். தங்க வீடு உண்டு, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஏப்ரலில் ஜெசியைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. ஆனால் பயந்து நடுங்குகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போக மாட்டேன். அவளிடம் உண்மையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் போனில் சொன்னால், அழுதால் அணைத்துக்கொள்ளக்கூட என்னால் முடியாது.

சொல்லிவிட்டு, அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள். பயமாக இருக்கிறது, வேண்டாம் என்றால் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன். சேத்துப்பட்டு வேலை போதும். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையை நித்தமும் பயத்தில் வைத்துவிட்டு எனக்கு இந்த நட்சத்திரம் வேண்டாம். உங்கள் ஒரு வரி போதும் அண்ணி. அதை நம்பி முடிவெடுப்பேன்.

அன்புடன்,
எழிலரசி


சேசு மரி சூசை துணை

ஆரணி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள எழிலுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இன்னா எழுதப் போற?" என்றார். "பயப்படுதுன்னு ஒரு வரி எழுதிட்டா பொண்ணு நம்ம வூட்டுலயே இருந்துடும்" என்றேன். அவர் நெய்வதை நிறுத்தவில்லை. "எழுதிக்கோ. அப்பால அது மொகத்தத் தெனம் நீதான் பாக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. பாதிப் பின்னலோடு எழுந்து ஓடி, தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். "நீ பொய்க்காரி அத்தே, உன்னாண்ட பேசமாட்டேன்" என்றாள். உன் அண்ணன் அவளைக் கிளப்ப முடியாமல் அன்றைக்கு நெய்யவே இல்லை. நேற்று முழுக்க அவர் கையால்தான் சாப்பிட்டாள். நான் தட்டை வைத்தால் நகர்த்திவிட்டாள்.

இன்று பூசை முடிந்து வரும்போது தானாக என் கையைப் பிடித்தாள். "அம்மாவாண்ட துப்பாக்கி கீதா?" என்றாள். இருக்கிறது என்றேன். "மலையில வண்டில போவுமா?" என்றாள். தெரியாது கண்ணு என்றேன். வேறு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. கையை விடாமல் தெருமுனைவரை வந்தாள். பிறகு, "அப்பா வண்டில போவசொல்லோ பக்கத்துல யாருமே இல்ல. நான் கூட இருந்தா, ஜல்தி ஓட்டாத, மெதுவாப் போன்னு சொல்வேன்ல? நான் அம்மாகூடப் போறேன்" என்றாள்.

நீ கேட்ட ஒரு வரி இதுதான் எழில்: பயப்படுகிறாள், ஆனாலும் உன்னோடு வர வேண்டும் என்கிறாள். பாதியில் நிறுத்தியிருந்தால் அதுவும் பொய்யாக இருந்திருக்காது. பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தப் பாதியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அவளை அனுப்ப மனசே இல்லை. அதையும் நீ தெரிந்துகொள். விலகல் கடிதம் எதுவும் கொடுத்துவிட்டு வந்து நிற்காதே. மார்ச்சில் மூன்று பேரும் வருகிறோம். நீ சொன்ன தோளுக்கு நான் நிற்கிறேன். துணியைப் பிரிக்கத் தெரியாமல் முழித்தால் எல்லார் முன்னாலும் திட்டாதே.

ஜபல்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பெரிய லீவு எந்த மாதம், எத்தனை நாள் விடுவார்கள் என்று விசாரித்து உடனே எழுது.

உன் அண்ணி,
பாக்கியமேரி