அம்மா சொன்ன ‘பரவாயில்லை’

ஸ்கிப்டன்,
ஜூன், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அலிசனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். ஒவ்வொரு கடிதத்திலும் இந்த வாக்கியத்தை யோசிக்காமல் எழுதிவிடுவேன், இந்த முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏன் என்பது கீழே வரும். வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் தலையாய செய்தி. நானும் உன் அம்மாவும் இரண்டு நாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் எல்லாப் பக்கமும் அலசி, இனிப் பின்வாங்குவதில்லை என்ற உறுதியோடு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்: எங்கள் ரயில் அட்டைக்குப் புதுப் போட்டோ எடுப்பது. இரண்டு பேர் சேர்ந்து போனால் கட்டணம் குறையுமே, அந்த அட்டைதான், அதில் இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இப்போதிருப்பது லீட்ஸ் ஸ்டேஷனில் திரை போட்ட போட்டோப் பெட்டிக்குள் எடுத்தது. அதில் நான் வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுப் பணத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனவன் மாதிரி இருக்கிறேன், உன் அம்மா அவனைப் பிடித்துக் கொடுத்தவள் மாதிரி இருக்கிறாள். இதை மாற்றுவதா வேண்டாமா என்று பேசும் நிலைக்கு நாங்கள் எப்படி வந்தோம் என்பதுதான் இந்தக் கடிதம்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லப்போகிறேன், மேலே எழுதிய முதல் வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு வா, விமானச் சீட்டு எதையும் பார்க்காதே. ஏப்ரல் மாதம் உன் அம்மா மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தாள். படம் எடுத்தார்கள், பிறகு ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு வந்ததும் போனில் சொல்வதாகச் சொன்னார்கள். உனக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் கூடாது என்றாள். “சொன்னா நாளைக்கே பிளேன் ஏறிடுவா. அப்புறம் அவளுக்கும் சேத்து நான்தான் சமைக்கணும்” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. எழாத பேச்சு எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியாது, சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லாமல் போய்விட்டது. போனை நடுவில் வைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அவள் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, இப்படி முறைத்துப் பார்த்தால் போன் அடிக்கவா போகிறது, எங்கேயாவது போவோம் என்றாள். அப்படித்தான் நாங்கள் வடக்கத்திப் பழைய நகரங்களை ரயிலில் போய்ப் பார்க்கிற குடும்பமானோம். பக்கத்து வீட்டு நெவில், எங்களுக்கு வயதான காலத்தில் சரித்திர ஆசை வந்துவிட்டதாக நினைத்து இரண்டு புத்தகம் இரவல் கொடுத்திருக்கிறான். போன வருஷம் நம்மிடம் வாங்கிக்கொண்டு போன ஏணியை இன்னும் கொடுக்கவில்லை.

முதலில் யார்க். மதில் மேல் ஒரு சுற்று நடந்துவிட்டுப் பெரிய தேவாலயத்துக்குள் போனோம். அம்மா அண்ணாந்து பார்த்து “பரவாயில்ல” என்றாள். இருநூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டுக் கட்டியவர்களுக்கு அவ்வளவுதான் கிடைத்தது, ஆனால் அவள் கணக்கில் இதற்கு மேல் பாராட்டு இல்லை. அடுத்து டர்ஹாம். அங்கே கோயில் கதவில் சிங்க முகம் போட்ட ஒரு வளையம் இருக்கிறது, அந்தக் காலத்தில் துரத்தப்பட்டு ஓடிவந்தவர்கள் அதைப் பிடித்துவிட்டால் உள்ளே அடைக்கலம் கொடுத்துவிடுவார்களாம். அம்மா அதைப் பிடித்துப் பார்த்தாள், கனமாக இருக்கிறதே என்றாள், ஆனால் கையை எடுக்கவில்லை. இது நகல், அசல் உள்ளே கண்ணாடிக்குள் இருக்கிறது என்று நான் தகவல் சொன்னேன். நகலே போதும் என்றாள். லேங்காஸ்டருக்கும் போய் வந்தோம். கோட்டை நன்றாகத்தான் இருந்தது, தெருவில் யாருக்கும் சொல்லவில்லை, நம் பக்கத்தாருக்கு அது பரம்பரைப் பகை ஊர் ஆயிற்றே. உன் பெரியப்பாவுக்குத் தெரிந்தால், யார்க்‌ஷரில் பிறந்தவன் அங்கே காசு செலவழித்தான் என்று கிறிஸ்துமஸ் வரை சொல்லிக்காட்டுவார்.

எல்லா ரயிலிலும் பரிசோதகர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார், அம்மா வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். ஜூன் மாதம் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிகிறது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஜனவரியிலேயே வாங்கி வைப்பவள் உன் அம்மா. அவள் இதைப் புதுப்பிப்பது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அது ஒரு வருஷத்துக்கான அட்டை. அரை வருஷத்துக்கு வாங்கும் வசதி அதில் கிடையாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை கார்லைல் புறப்பட்டோம். நம் ஊரிலேயே ஏறினால் வடக்கே ஒரே வண்டி. எதிரே ஊதா நிறத் தொப்பி வைத்த ஒரு பிராட்ஃபோர்டு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். செட்டில் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது கைப்பைக்குள் போன் அடித்தது. நாலு பேர் நடுவில் உடம்பு விஷயம் பேசுவது அம்மாவுக்கு உள்பாவாடையோடு கடைத்தெருவுக்குப் போவது மாதிரி. ஆமா என்றாள், சரி என்றாள், ரொம்ப தேங்க்ஸ் கண்ணு என்றாள். போனை உள்ளே போட்டாள். என் முழங்காலில் ஒரு தட்டு தட்டி, “பரவாயில்ல, ரேமண்ட்” என்றாள். அவ்வளவுதான். ஊதாத் தொப்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்து ஆளுக்கொரு மிட்டாய் நீட்டியது, இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அம்மா பொட்டலத்தைப் பிரித்து, தன் பங்கு ஹாம் சாண்ட்விச்சையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் இது நடந்ததில்லை. உன் பாட்டி இறந்தபோது, இந்த வாரம் நான் கிரிக்கெட் பார்க்கப் போகவில்லை என்றேன், அப்போதும் அவள் இதே குரலில்தான் பரவாயில்லை என்றாள், அதற்கு அர்த்தம், வந்ததைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இரண்டு பேர் சாண்ட்விச்சையும் தின்று முடித்தேன், மறுத்தால் அவள் மனம் கஷ்டப்படும் என்று. கேட்டிருக்கலாமே என்பாய். நீ ரொம்ப நாளாக நியூசிலாந்தில் இருக்கிறாய், அங்கே கேட்பார்கள் போலிருக்கிறது.

கார்லைல் கோயில் பாதிதான் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் கோட்டையைச் செப்பனிடக் கல் போதவில்லை என்று மீதியை இடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இருக்கிற பாதியை வைத்துக்கொண்டு அது ஒழுங்காகவே நடந்துவருகிறது. இதை நான் எனக்கே ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. மேலே நீலக் கூரை முழுக்கத் தங்க நட்சத்திரம். அதன் கீழே உட்கார்ந்து, பல வருஷமாகப் போக்குவரத்து இல்லாத ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுப்பவன் போல ஒன்றைக் கேட்டுவைத்தேன். வெளியே வந்ததும் நல்ல கணவனாக நடந்துகொள்ளத் தொடங்கினேன். கைப்பையை நான் வாங்கிக்கொண்டேன். கம்பளி நூல் கடைக்கு வெளியே நிற்காமல் உள்ளேயே வந்து, பச்சை நன்றாயிருக்கிறது என்று அபிப்பிராயம் சொன்னேன். தேநீர்க் கடையில் இரண்டாவது ஸ்கோன் பன்னும் வாங்கிக்கொள் என்றேன். உன் தொப்பி உனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்றேன், அது அவள் ஒன்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் தொப்பி. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு என்னையே பார்க்க ஆரம்பித்தாள். துக்கத்தை எப்படி அடக்கி வைத்திருக்கிறாள் என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வண்டியில் பரிசோதகர் ஒரு சின்னப் பெண். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஞாயித்துக்கிழமையோட முடியுதே கண்ணு, புதுசு போடலயா?” என்று கேட்டாள். நான் முடிந்தவரை மெதுவாக, “இனிமே அதுக்கு அவசியம் இருக்காதும்மா” என்றேன். அம்மா என் பக்கம் முழுசாகத் திரும்பினாள். “ஏன், நீ எங்க போறே?” என்றாள். நான் எங்கேயும் போகவில்லை என்றேன். “காலையிலருந்து பாக்கறேன். பையத் தூக்கறே, தொப்பி நல்லாருக்குங்கறே. டாக்டர்கிட்ட போனியா? எங்கிட்ட எதாவது மறைக்கறியா?” என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது, அலிசன், அது எனக்காக. மறைப்பது நான் இல்லையே, நீதானே காலையில் பரவாயில்லை என்று சொன்னாய் என்றேன். “ஆமா. பரவாயில்லைன்னுதான் நர்ஸ் சொன்னா. கட்டி கெட்டது இல்ல, வெறும் கொழுப்பு, மறுபடி வரவே வேணாம்னா. அதத்தானே உனக்கு அப்பவே சொன்னேன்” என்றாள். “நீ பரவாயில்லன்னு மட்டும்தான் சொன்னே” என்றேன். “வேற எப்படிச் சொல்றது? அந்த ஊதாத் தொப்பிக்காரிக்கே புரிஞ்சுது” என்றாள். அப்படியானால் சாண்ட்விச்சை ஏன் கொடுத்தாய் என்றேன். அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். “தொண்டைல எறங்கல, அதான்” என்றாள். பரிசோதகர் பெண் அட்டையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருந்தாள், மற்றவர்கள் தங்கள் செய்தித்தாளை ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. “அப்ப புதுசு போட்டுருங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு வந்தேன். வண்டி ப்ளீ மூர் சுரங்கப்பாதை இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதை உன் அம்மா சுட்டிக்காட்டவில்லை. ரிப்பிள்ஹெட் பாலம் வந்து வெளிச்சம் பட்டதும்தான், இந்த மூஞ்சியை இன்னும் ஒரு வருஷம் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிய முடியாது, வேறு போட்டோ எடு என்றாள். அந்த மகத்தான முடிவின் ஆரம்பம் அங்கேதான்.

நேற்றுப் போய் எடுத்துவிட்டோம். அம்மா பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றாள். எந்தப் பரவாயில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன், இனி அப்படித்தான். நீயும் போனில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னால் அதோடு விடாமல் அடுத்த கேள்வியையும் கேள். நீயும் ஒரு தடவை டாக்டரிடம் உடம்பைக் காட்டிப் பார்த்துக்கொண்டு வர வேண்டுமாம், அது யோசனை இல்லை, உத்தரவு என்று எழுதச் சொன்னாள். அங்கே இப்போது குளிர்காலமாயிற்றே, ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள், நிறம் பச்சை, பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என் முத்தம். உங்கள் வீட்டில் எந்த நோய்நொடியும் எட்டிப் பார்க்காமல், நீங்கள் நால்வரும் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். சுரங்க விஷயம் நான் எழுதியதாக அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் அன்பு அப்பா,
ரேமண்ட் சக்டன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சனிக்கிழமைத் தபாலில் அட்டை வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஜூன் வரை செல்லும். இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் மட்டும்.