ஆளில்லாத கரை

என் செல்லத் தம்பி லாரன்சுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன தவக்காலத்தில் அந்த லாரி உன்னை எங்களிடமிருந்து பறித்த பிறகு, கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதோடு சரி. இந்தத் தடவை பேச்சுக்கு அடங்காது. பாதியில் அழுது நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏழுமலை போய்விட்டான், தம்பி.

உனக்குத் தெரிந்த ஏழுமலைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. மரக்காணத்தில் உப்பளங்களைத் தாண்டி, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருக்கிற இறால் பண்ணையில் நீ மேற்பார்வை பார்த்தாய். அவன் காவல் பார்த்தான். பெண்டாட்டி செல்வி, மகள் நதியாவோடு குளத்தங்கரை ஷெட்டிலேயே குடியிருந்தான். ஒவ்வொரு புயலுக்கும் நீ முன்கூட்டியே பைக்கில் போய் மூன்று பேரையும் முத்தியால்பேட்டையில் நம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவாய். முதலாளி கத்துவார். நீ போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அக்கா, காபி போடு" என்பாய். கூட்டிவருவது யாருடைய வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நீ செய்தாய். நீ போனபின் உன் இடத்துக்கு யாரும் வரவில்லை.

இந்தப் புயலுக்கும் ஏதோ ஒரு பெயர் வைத்தார்கள். அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் நேராக நம் ஊருக்குத்தான் வருகிறது என்றார்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். குருசுக்குப்பத்தில் படகுகளையெல்லாம் தெருவரைக்கும் இழுத்து மின்கம்பத்தில் கட்டினார்கள். கடைகளில் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோயின. நானும் உன் மாமாவும் போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடல்மேல் வெள்ளையாக ஒரு சுழி. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இன்னும் இறுகி, இன்னும் கிட்டே வந்திருந்தது.

மறுநாள் காலையில் அது திசை மாறியது. வடக்கே நகர்ந்துவிட்டது, ஆனால் இன்னும் வலுத்திருக்கிறது என்றார்கள். கரை கடக்கப்போவது மக்கள் அதிகம் இல்லாத பகுதி, பெரிய பாதிப்பு இருக்காது என்று டிவியில் ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். தெருவே மூச்சு விட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற எதிர்வீட்டு சொல்தா மாமா, மாடியில் நின்றபடி, "ஸ்டெல்லா, அந்தோணியார் காப்பாத்திட்டாரும்மா! அந்தாண்ட போயிடுச்சி!" என்று கூவினார். நானும் நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டேன். கை நெஞ்சுக்கு இறங்கும்போதுதான் அந்தாண்ட என்றால் எது என்று உறைத்தது.

செல்விக்குப் போன் போட்டேன். காற்றில் அவள் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

"ஊர்க்காரங்கள வண்டில ஏத்திப் பள்ளிக்கூடத்துக்கு இட்டுகினு போயிட்டாங்க அக்கா. பண்ணப்பக்கம் யாரும் வரல."

"நீங்களா கெளம்பி வாங்களேன்டி."

"இவரு வர மாட்டேங்கறாரு. இறால் புடிக்கிற நேரமாம். கரண்டு போனா ஜெனரேட்டர ஓட்டணுமாம். வேலய உட்டுட்டுப் போனா ஷெட்டுக்குத் திரும்பி வராதீங்கன்னு மொதலாளி சொல்லிட்டாரு." பிறகு கேட்டாள்: "டிவில ஆளில்லாத எடத்துல கடக்குதுன்னு சொல்றாங்களாமே. அப்ப நாங்க யாரு அக்கா?"

என்ன பதில் சொல்லியிருப்பாய் நீ?

முதலாளியைக் கூப்பிட்டேன். உன் அக்கா என்று சொன்னதும் மரியாதையாகத்தான் பேசினார். "ஷெட்டு காங்கிரீட்டும்மா. ஒண்ணும் ஆகாது. குளத்துல காத்து குடுக்கற சக்கரம் நின்னுச்சின்னா இறால் மூச்சு முட்டிச் செத்துடும், உங்களுக்குத் தெரியாதது இல்ல."

"அவ்ளோ பத்திரமான எடம்னா நீங்க போய் இருங்க சார்" என்றேன். வைத்துவிட்டார்.

உன் மாமாவின் வண்டியை உனக்குத் தெரியுமே, சாமான் ஏற்றுகிற குட்டியானை. காத்தடித்தால் கவிழ்ந்துவிடும் என்று தயங்கினார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் வண்டியைக் கிளப்பினார். காலாப்பட்டு தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் நனைந்துகொண்டே மறித்தார். "எங்கம்மா போறீங்க? ரோட்டு மேல மரம் வுழுவுது."

"அங்க என் தங்கச்சி இருக்கா சார். கொழந்தயோட."

என்னையே பார்த்தார். "சட்டுனு போயிட்டுத் திரும்பிடணும்" என்று தடுப்பை நகர்த்தினார்.

உப்பளம் இருந்த இடமே தெரியவில்லை, லாரன்ஸ். ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீர். கடல்நுரை சாலையைத் தாண்டிப் பறந்தது. பண்ணையில் ஏழுமலை யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்தான். நதியாவைத் தூக்கி என் மடியில் வைத்தான். செல்வி ஏற மறுத்தாள்.

"நீ வா, வரேன். இல்லன்னா நானும் இங்கயேதான்."

"ஏறுடி! புள்ள தனியா போவுமா? சாயங்காலம் மொதலாளி ஜீப்பு அனுப்பறேன்னு சொல்லிருக்காரு. அதுல வந்துடறேன்."

"அவரு அனுப்புவாருன்னு நம்பறியா?" என்று நான் கேட்டேன்.

"வேற யார நம்பறது, அக்கா?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னைக் கேட்டான். உன் மாமா இறங்கிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "வேல போச்சின்னா இதுங்கள எங்கண்ணா வெப்பேன்?" என்றான். செல்வியை இரண்டு கைகளாலும் தூக்கி வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

நீயாக இருந்தால் அவனையும் கொண்டுவந்திருப்பாயா? திட்டியோ அடித்தோ? இதைத்தான் ராப்பகலாக யோசிக்கிறேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபிறகு புயல் நகரும் வேகம் குறைந்து, வலு மட்டும் கூடிக்கொண்டே போனது. செல்வி அடுப்படியில் உட்கார்ந்து என் போனையே பார்த்தாள். "இதுல நம்ம பண்ண எங்கக்கா இருக்குது?" என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். என் ஒரு விரலுக்கு அடியில் பண்ணை, உப்பளம், கழி, பக்கத்துக் குப்பங்கள் எல்லாமே மறைந்துபோயின. விரலை எடுத்தேன். சுழி அங்கேயே வந்திருந்தது.

பொழுது சாயும்போது ஏழுமலையே கூப்பிட்டான். பின்னால் ஜெனரேட்டர் சத்தம். "ஓடிகினுதான் இருக்குது. ஜீப்பு இன்னும் வரல. புள்ள சாப்ட்டுச்சா?" செல்வி பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது. பிறகு எத்தனை முறை போட்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்தது.

கரையைக் கடந்தபின் அது நகராமல் நம் தலைமேலேயே நின்று கொட்டியது. நம் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். உன் போட்டோவை எடுத்துப் பீரோமேல் வைத்தோம். சொல்தா மாமா வீட்டுக் கீழ்த்தளம் முழுகி, அவரை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். நாங்கள் மரக்காணத்துக்குப் போவதற்கு வழியே இல்லை.

தண்ணீர் வடிந்து போனபோது பண்ணை இல்லை. கரை உடைந்து கடலும் கழியும் ஒன்றாகியிருந்தன. ரோடெல்லாம் செத்த இறால், நாற்றம் தாங்கவில்லை. ஷெட் மட்டும் நின்றது, முதலாளி சொன்ன மாதிரியே. ஆனால் ஏழுமலை ஷெட்டில் இல்லை. ஜெனரேட்டர் அறைச் சுவர் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேலிக்கம்பியில் கிடந்தான். உன் மாமாதான் முதலில் பார்த்தார். செல்வியை வரவிடாமல் நான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் கையைக் கடித்துவிட்டுத்தான் ஓடினாள்.

முதலாளியும் வந்தார். குளங்களைச் சுற்றிப் போட்டோ எடுத்து முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். "போயிருக்கலாமேம்மா. நான் எங்க தடுத்தேன்?" என்றார்.

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "ஜீப்பு எங்க சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

உயிர்ச்சேதம் பெரிதாக இல்லை என்று டிவியில் சொன்னார்கள்.

இப்போது செல்வியும் நதியாவும் உன் அறையில் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே, உன் சட்டைகளை மூட்டை கட்டிவிட்டேன். பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் போட்டால் நதியா வாசலுக்கு ஓடுகிறாள். தானாகத் திரும்பி வந்து உட்காருகிறாள். செல்வி போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். முதலாளி பக்கத்திலிருந்து ஆட்கள் இரண்டு முறை வந்து பக்குவமாகப் பேசிப் பார்த்தார்கள். "ஜீப்பு வந்துச்சா வரலியா, அத மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டாள். இந்த வழக்கு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நல்ல முடிவு வரும் என்று உன்னிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

அந்தமான் பக்கத்தில் மறுபடி ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதாம். எந்தக் கரைக்கு வரும் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரியும்வரை காத்திருக்கப்போவதில்லை. ஏழுமலையின் பண்ணை போய்விட்டது, ஆனால் அந்தக் கரையில் மற்ற குளங்களிலும் உப்பளங்களிலும் காவல் குடும்பங்கள் இருக்கின்றன. போன வாரம் உன் மாமாவும் நானும் செல்வியும் ஒவ்வொரு ஷெட்டாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஒருவர் எங்களை விரட்டினார். ஓர் அம்மா, "எங்கள யாரு இட்டுகினு போவாங்க" என்று சிரித்தாள். அவர்களைத் தங்கவைக்க மாதா கோயில் கூடத்தைத் திறந்துவிடுவதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், தம்பி. இனிமேல் ஆண்பிள்ளை வர மறுத்தால், அவனை விட்டுவிட்டு நான் வண்டியைத் திருப்ப மாட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். செல்வி கோர்ட்டுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்தில் இருப்பேன்.

தூறல் ஆரம்பித்துவிட்டது. கீழே உன் மாமா ஹாரன் அடிக்கிறார். செல்வி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டாள். போயிட்டு வரேன்டா.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா,
ஸ்டெல்லா
முத்தியால்பேட்டை