என் மணிக்கட்டில் அவர் நாடி

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலைப்பக்கம் சாரல் இறங்கிவிட்டது போலிருக்கிறது. இங்கே காமயகவுண்டன்பட்டிக்கு ஒரு தூறல் இல்லை, காற்று மட்டும் வந்து பந்தலை ஆட்டுகிறது. திராட்சைக்கு மருந்து அடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பினேன். இந்தக் காற்றில் அடித்தால் பக்கத்துத் தோட்டக்காரனுக்குத்தான் லாபம்.

இவர் லடாக்கிலிருந்து லீவில் வந்து ஒரு வாரமாகிறது. வந்த மனுஷர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். உட்காருங்கள் என்றால் உட்காருகிறார், நான் திரும்புவதற்குள் எழுந்துவிடுகிறார். பார்க்கிற எனக்குக் கால் வலிக்கிறது.

அந்தப் பட்டை வேறு. பார்த்தால் வாட்ச் மாதிரி இருக்கிறது. ராணுவ டாக்டர்கள் ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார்களாம். காற்று குறைந்த மலை உச்சியில் ரெண்டு வருஷம் இருந்துவிட்டு இறங்கி வருகிற ஜவான்களின் இதயமும் உறக்கமும் ஊரில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு. லீவு முழுக்க ராத்திரி பகல் கழற்றாமல் கட்டியிருக்க வேண்டும். நாடி, நடை, உறக்கம் எல்லாம் போன் வழியாக டாக்டருக்குப் போய்விடும். "விருப்பப்பட்டா சேந்தீங்க?" என்று கேட்டேன். "சுபேதார் சாப் விரல நீட்டுனாக. நான் விருப்பப்பட்டேன்" என்றார்.

அவ்வளவு விருப்பப்பட்டவர் அதை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். 'பட்டை கட்டப்படவில்லை' என்று போன் கத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 4, புதன்

மொக்கைச்சாமி சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்குகிறவர். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பட்டையைப் பார்த்தார்.

"ஆராய்ச்சி வேற, மெடிக்கல் போர்டு வேறன்னுதான் சொல்லுவாக மாப்ள. காகிதம் பூராம் எங்கன போகுது? எங்க யூனிட்டுல ஒருத்தன் வெள்ளந்தியா, ஒரு காது கேக்கலன்னு ஆராய்ச்சிக்காரங்ககிட்ட சொன்னான். மறுவருசம் போர்டுல உக்கார வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாக."

இவர் கையெழுத்துப் போட்ட தாளில், முடிவுகள் யூனிட்டுக்குப் போகாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நானே படித்தேன். ஆனால் பட்டாளத்தில் யாரும் அதை நம்புவதில்லை என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பரில் நாயப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியல் வரும். இவருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பேர் வந்தால் தோளில் ஸ்டார், இல்லையென்றால் அடுத்த வருஷம் ஹவில்தாராகவே வீட்டுக்கு. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று இருந்தால்தான் பட்டியலில் எடுப்பார்கள்.

இவருக்கு உறக்கம் இல்லை. அது எனக்குத் தெரியும். திடீரென்று எழுந்து உட்காருகிறார். கேட்டால் "வேர்க்குது" என்கிறார். லடாக்குக் குளிரில் இருந்துவிட்டு வந்தவருக்குக் கம்பத்தில் வேர்க்கத்தான் செய்யும், சரி. ஆனால் வேர்க்கிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரா?

ஜூன் 5, வியாழன்

பட்டையை நான் கட்டிக்கொண்டேன்.

யோசனை என்னோடதுதான், இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன். "கொண்டாங்க மாமா, நான் படுத்தா கட்டை மாதிரி உறங்குவேன். தோட்டத்துல வேற நாள் பூரா நடக்கிறேன். உங்களுக்கு நல்ல மார்க்கா வாங்கித் தாரேன்" என்றேன். முதலில் முறைத்தார். பிறகு அவரே என் கையில் கட்டிவிட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் இவர் என் கையைப் பிடித்து ஒன்று கட்டிவிட்டது இதுதான்.

ஜூன் 9, திங்கள்

டாக்டரம்மா பேசினார்கள். மேஜர் ஜெபஷீலா. நாகர்கோவில் பக்கமாம், தமிழில்தான் பேசுகிறார்கள். இவர் நின்றுகொண்டு பேசினார். போனில் எதற்கு நிற்கிறார்?

"லீவுல எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கி எடை போட்டுட்டு வருவாங்க, சுருளிவேல். நீங்க ஒருத்தர்தான் காலையில இருந்து நடந்துக்கிட்டே இருக்கீங்க. என்ன பண்றீங்க?"

"திராட்சைத் தோட்டம் மேடம்."

"ரொம்ப நல்லது. விடாதீங்க."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். போனை வைத்துவிட்டு இவரும் சிரித்தார். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் சிரித்திருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

படபடப்பாக வருகிறது. காப்பியைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவர்கள் இன்று நடுவிலேயே கூப்பிட்டார்கள். குரலில் சிரிப்பு இல்லை.

"உங்க நாடி சீரா இல்ல, சுருளிவேல். காலையில வேலை செய்யுற நேரத்துல தாறுமாறா ஓடுது. பட்டை தளர்வா இருந்தாலும் இப்படிக் காட்டும். ஆனா நான் அப்படி விட்டுர முடியாது. ஒரு ஈசிஜி எடுத்து அனுப்புங்க."

"சரி மேடம்."

போனை வைத்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என் கையைப் பார்த்தார்.

"தளர்வாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

"ஆமா. பாத்திரம் கழுவுறப்ப தண்ணி போயிருக்கும்" என்றேன்.

ரெண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டோம். இந்த வீட்டில் எந்த விஷயத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

ஜூன் 19, வியாழன்

இவர் தேனி போய் ஈசிஜி எடுத்து வந்தார். அவருக்குத்தான் எடுத்தார். சுத்தமாக இருக்கிறதாம். டாக்டரம்மாவுக்குப் போனில் அனுப்பினார். 'நல்லது, பட்டையை இறுக்கிக் கட்டுங்கள்' என்று பதில் வந்துவிட்டது.

அவர் பட்டியலுக்கு இனித் தடை இல்லை. அப்புறம் ஏன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்?

ஜூன் 20, வெள்ளி

கோபம் வருகிறது. ஒரு வார்த்தை கேட்டாரா இந்த மனுஷன்? உனக்கு எதும் செய்யுதா பாண்டின்னு ஒரு வார்த்தை? வாயில கொழுக்கட்டையா?

நானும்தான் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஜூன் 23, திங்கள்

கேட்டார். நேற்று மதியம், சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல். "கம்பத்துல ஒருக்கா காட்டிட்டு வந்துருவமா?"

இன்று டவுன் பஸ்ஸில் போனோம். ஒரு கிளினிக்கில் எனக்கும் ஈசிஜி எடுத்தார்கள். படுக்க வைத்து ஒயரை ஒட்டி, பேப்பர் ஓடி, முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் என் நெஞ்சு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது. "நல்லாத்தாம்மா இருக்கு. ரத்தம் கம்மியா இருக்கும். வீட்டுல டென்ஷனா?" என்றார் டாக்டர்.

படபடப்பு எப்போது வருகிறது, யார் காட்டச் சொன்னது என்று கேட்டார். என்னவென்று சொல்வது? ஒரு மேஜர் பார்த்தார், ஆனால் என் வீட்டுக்காரர் பெயரில் பார்த்தார் என்றா? "சும்மா தோணுச்சு சார்" என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார். என் நாடி ஓடிய கணக்கு எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் பேரில் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

நிம்மதி என்று எழுதலாம். கை வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 26, வியாழன்

தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் பட்டையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறேன். டாக்டரம்மா மறுபடி கூப்பிட்டுவிடக் கூடாது. செப்டம்பர் வரைக்கும் தள்ளிவிட்டால் போதும். அப்புறம் மதுரைக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். படபடப்பில் யாரும் செத்ததில்லை.

செத்திருக்கிறார்களா?

ஜூன் 28, சனி

வியாபாரி வண்டி வருகிறது என்று விடிந்ததிலிருந்து குலை அறுப்பு. பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கியே நிற்க வேண்டும். இவர் கீழே பெட்டி பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் என்னவோ புரண்டது. அடித்தது, நின்றது, மறுபடி கண்டபடி அடித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. கத்தரி கையிலிருந்து விழுந்ததைப் பார்த்தேன். அப்புறம் மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

இவர் பெட்டியைப் போட்டுவிட்டு வந்து என் கழுத்தில் விரலை வைத்தார். பட்டாளத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எண்ணிக்கொண்டே இருந்தவர் நடுவில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

என் மணிக்கட்டைப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்ததையும் பார்த்தார்.

ஜூன் 29, ஞாயிறு

சண்டை. ஊர் கேட்டிருக்கும்.

அந்தப் பதிவை வாங்கினால்தான் எந்த டாக்டரும் நம்புவான், டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்கிறார். நான் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன். "பட்டியல் வரட்டும் மாமா. இத்தன வருசம் வெயில்லயும் பனியிலயும் கெடந்தது எதுக்கு? எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நேத்துப் பார்த்தேனே, ஒண்ணும் ஆகாததை!"

"யோசனை என்னுது. நீங்க எதுக்கு மாட்டிக்கிறணும்?"

"கைய நீட்டுனது நீ. கட்டிவிட்டது நான்தான?" என்று கத்தினார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "உனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அந்த ஸ்டாரை எங்கன கொண்டுபோயி குத்திக்கிறது பாண்டி?"

இருபது வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் பானையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டார். இன்றைக்கும் நின்றுகொண்டுதான் பேசினார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. பட்டைய நான் கட்டல. மொதல்ல இருந்தே என் வீட்டுக்காரிதான் கட்டியிருக்கு."

திட்டப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப அந்த நாடி அவங்களோடதா? போனை அவங்ககிட்ட குடுங்க."

என்னிடம் நிறையக் கேட்டார்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறதா, மேடு ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறதா. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டார்கள். வந்தது. நாலாம் வகுப்பில், நடக்க முடியாமல் ரொம்ப நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. "அந்தக் காய்ச்சல் இதய வால்வைத் தொட்டிருக்கலாம். பதிவு எல்லாத்தையும் உங்க பேருக்கு மாத்தி இப்பவே அனுப்புறேன். நாளைக்கே மதுரையில ஸ்கேன் பாருங்க. தள்ளிப் போடாதீங்க, பாண்டீஸ்வரி." அவர்கள் வாயில் என் பேர் வந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு இவரைக் கேட்டார்கள். "என் ஆராய்ச்சியில ஒரு மாசம் பாழ். இதை நான் எழுதித்தான் ஆகணும், ஹவில்தார்."

"சரி மேடம்."

"அது இருக்கட்டும். எதை மறைக்கிறதுக்காக இதைச் செஞ்சீங்க?"

"உறக்கத்துல மூச்சு நின்னுபோகுது மேடம். தண்ணிக்குள்ள இருந்து எந்திரிக்கிற மாதிரி எந்திரிக்கிறேன். மறுபடி கண்ண மூடப் பயமா இருக்கு."

பக்கத்திலேயே படுத்திருக்கிறேன். இதை ஒரு மேஜரிடம் சொல்லித்தான் நான் கேட்க வேண்டியிருந்தது.

ஜூலை 2, புதன்

மதுரை. வால்வு சுருங்கியிருக்கிறது. பலூன் வைத்து விரிப்பார்களாம். நெஞ்சைக் கிழிக்க வேண்டாம், தொடை நரம்பு வழியாகவே போய்விடுவார்களாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். இவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

ஜூலை 11, வெள்ளி

முடிந்தது. வலி ஒன்றும் பெரிதாக இல்லை. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினம் மாத்திரை, அது நிற்காதாம். எனக்கு வாங்கி வந்த இட்லியை இவர் தின்றுவிட்டார், கவனிக்காமலே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லீவு முடிந்து போனவுடன் இவரை விசாரித்திருக்கிறார்கள். எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். அதோடு உறக்கப் பரிசோதனை. ராத்திரியில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். முகத்தில் மாட்டுகிற ஒரு மிஷின் கொடுத்து, ஆறு மாதத்துக்கு உடம்புத் தகுதியைக் குறைத்துவிட்டார்கள். மொக்கைச்சாமி சித்தப்பா, "நான் அன்னைக்கே சொன்னேன்ல ஆத்தா" என்று வந்து நின்றார். நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் சாகப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

பட்டியல் இன்னும் வரவில்லை. வரும் வரை மனசு சும்மா இருக்காது. ஒருவேளை இதையெல்லாம் பார்த்தும் எடுத்தால்?

செப்டம்பர் 12, வெள்ளி

மதியம் போன் வந்தது.

"மாத்திரை போட்டியா?"

போட்டேன் என்றேன். குலை அறுப்புக்கு ஆள் வைத்திருக்கிறேனா, நானே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேனா என்று கேட்டார். ஆள் வைத்திருக்கிறேன் என்றேன்.

"உங்களுக்கு உறக்கம் எப்படி இருக்கு மாமா?"

"அந்த மிஷின மாட்டுனா யானை மாதிரிதான் இருக்கேன், பசங்க சிரிக்கிறானுக. ஆனா நேத்து விடிய விடிய உறங்குனேன் பாண்டி. கூட இருக்கிறவன் உலுப்பித்தான் எழுப்புனான்."

தோட்டத்தைப் பற்றிப் பேசினார், காற்று நின்றதா என்று கேட்டார். வைக்கப் போகிற நேரத்தில், "பட்டியல் வந்துருச்சு. நம்ம பேரு இல்ல" என்றார்.

"இன்னைக்கா வந்துச்சு?" என்றுதான் கேட்டேன்.

"இல்ல. நேத்து சாயங்காலமே ஒட்டிட்டாக."

அதைப் பார்த்த ராத்திரிதான் இவர் விடிய விடிய உறங்கியிருக்கிறார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதேன். வருத்தத்தில் மட்டும் என்று எழுத முடியாது.