புள்ளிகள் நிற்கும் வேகம்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போனவர் ஒரு வரி போடக் கூடாதா? கோபித்துக்கொள்ளலாம் என்றால், என் வீட்டுக்காரர் கண்ணை மூடிய அன்று முதல் ஆளாக வந்து நின்றவர் நீங்கள். வாய் வரவில்லை.

நான் நாலாவதோடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதமாகிவிட்டது. பாட்டு எதையும் போட மனசு வரவில்லை. நேற்றுத்தான், பாட்டுப் போடும் வேலை பார்த்த நடனப் பள்ளியிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த டர்ன்டேபிளைத் துடைத்து ஒரு ரெக்கார்டைப் போட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் ரெக்கார்டு கடையில் விளையாட்டாக அவர் பேச்சைப் பதிந்து ரெக்கார்டாக வெட்டிக் கொடுத்தீர்களே, அதுதான். அப்போது வீட்டில் மிஷின் இல்லை, அதனால் நான் கேட்டதே இல்லை.

அது அவர் குரலாக இல்லை, அண்ணா. கனத்துப்போய், இழுத்து இழுத்து வருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பேசினாரே, அதே பேச்சு. நாலு சொல்லுக்கு மேல் தாங்காமல் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

அந்த ரெக்கார்டை வெட்டிய அன்று காலை எங்களுக்குச் சண்டை. அலமாரியை நகர்த்தச் சொன்னேன், முதுகு வலி என்று படுத்துக்கொண்டார். "வேலைன்னா மட்டும் உங்களுக்கு எங்கேருந்துதான் வலி வருமோ" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்போதே நோய் உள்ளே இருந்ததா? முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டது காதிலேயே நிற்கிறது. அன்று கடையில் அவர் பேசியதை எதிரில் உட்கார்ந்து கேட்டவர் நீங்கள். மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதாமல் இருந்தது என் தப்புதான்.

அன்று கடையில் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அந்தக் குரலில் நோய் எங்கே இருந்தது? ஆனால் உன் காதும் பொய் சொல்லாது. அதனால் மிஷினைப் பற்றி யோசித்தேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குக் கால் பழகும்வரை பாட்டை மெதுவாக ஓட்டுவது அவன் வழக்கம். சுற்று குறைந்தால் குரல் தடித்துத்தான் வரும். வேகத்தை மாற்றாமல் அப்படியே தூக்கி வந்து வைத்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

வலது பக்கம் மேலும் கீழும் நகரும் குமிழ் ஒன்று இருக்கும். சுற்றும் தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள், பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. தட்டு சுற்றும்போது விளக்கடியில் பெரிய புள்ளிகளை மட்டும் பார். ஓடினால் வேகம் தப்பு. அசையாமல் நிற்பதுபோல் தெரியும்வரை குமிழை மெல்ல நகர்த்து. அப்புறம் ஊசியை வை. நான் சொன்னேன் என்று நம்பாதே, நீயே கேட்டுப் பார்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்ன புள்ளிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. முதலில் அதிகமாகத் தள்ளிவிட்டேன் போல, எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்தன. குமிழை மெல்லப் பின்னுக்கு நகர்த்தினேன். நின்றுவிட்டன. தட்டு சுற்றுகிறது, புள்ளி நிற்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியை வைக்கப் பயம்.

வைத்தேன். அவர்தான் அண்ணா. அடுப்படியில் நின்றாலும் கேட்கிற அதே வெங்கலத் தொண்டை. நீங்கள் பின்னால் சிரிக்கிறீர்கள். அவர் உங்களிடம் சொல்கிறார்:

"முதுகு வலியாவது ஒண்ணாவது. அலமாரியை நகர்த்தினா அவ அதோட விடமாட்டா, வீடு முழுக்க நகர்த்தச் சொல்லுவா. அதான் படுத்துட்டேன்."

இதைக் கேட்டு நீங்களும் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. போகட்டும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கல்லு மாதிரி இருந்த மனுஷன், ஒரு வலியும் இல்லாமல் படுத்திருக்கிறார். ஐந்து மாதமாக அவரை நினைத்தால் பயந்து பயந்துதான் நினைத்தேன். நேற்று வாய்விட்டுத் திட்டினேன். எத்தனை நாளைக்கப்புறம்! மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை நடனப் பள்ளியிலிருந்து மாஸ்டரே மிஷினைக் கேட்டு வந்தார். இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், நான் திட்டி முடிக்கவில்லை என்றேன். ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

உங்கள் தங்கை