கூட்டம் கலையாத அறையைச் சுத்தம் செய்யவில்லை என்னும் எச்சரிக்கையைத் திரும்பப் பெறக் கோருதல்

அனுப்புநர்
சி. தங்கம்,
துப்புரவுப் பணியாளர், 12 முதல் 14ஆம் மாடி வரை,
வீடு: குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்.

பெறுநர்
திரு. இளமாறன் அவர்கள்,
நிர்வாகப் பிரிவுத் தலைவர்,
நீலமுனைக் கப்பல் சரக்கு முகவர் நிறுவனம்,
தஞ்சோங் பகார், சிங்கப்பூர்.

பொருள்: 14ஆம் மாடிப் பெரிய கூட்ட அறையை நேரத்திற்குச் சுத்தம் செய்யவில்லை என்று 15.9.2025 அன்று எனக்குத் தரப்பட்ட எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறவும், வியாழக்கிழமைக் கூட்டத்தைக் குறித்த நேரத்தில் முடிக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். பத்து வரிக்குள் நான்கு முறை மன்னிப்புக் கேட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கும்படி நான் எதுவும் செய்யவில்லை. ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன். சென்ற தீபாவளி விருந்தில், எந்தக் குறையானாலும் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், நானே படிப்பேன் என்று தாங்கள் எங்களிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

1. நான் இந்நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இதுவரை எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்கூட வந்ததில்லை. என் வேலை அட்டைப்படி பெரிய கூட்ட அறையை மாலை 5.15க்குத் தொடங்கி 5.45க்குள் முடிக்கவேண்டும். 6 மணிக்கு என் வேலை முடிகிறது. வியாழக்கிழமைகளில் தாங்கள் நடத்தும் வாராந்தரக் கூட்டத்திற்கு அந்த அறை 4 மணி முதல் 5 மணி வரைதான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுத்தாளை நம்பித்தான் என் அட்டையே போடப்பட்டது.

2. ஆகஸ்ட் 14ஆம் தேதி கூட்டம் கலைந்தது 6.05க்கு. ஆகஸ்ட் 28ஆம் தேதி 6.10க்கு. செப்டம்பர் 11ஆம் தேதி 6.25க்கு. நான் வந்து நின்ற நேரம், உள்ளே போன நேரம், முடித்த நேரம் மூன்றையும் கதவில் தொங்கும் தாளில் எழுதிக் கையொப்பமும் போட்டிருக்கிறேன். எச்சரிக்கைக் கடிதம் எழுதியவர்கள் அந்தத் தாளில் முடித்த நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் உள்ள இரண்டு கட்டங்களையும் ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

3. கதவைத் தட்டவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். தட்டினேன், ஐயா. ஆகஸ்ட் 14 அன்று தட்டியபோது உதவி மேலாளர் திரு. ரஞ்சன் கண்ணாடிக்கு உள்ளிருந்தபடியே ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிடம் என்று எடுத்துக்கொண்டு வாளியோடு ஓரமாக நின்றேன். அந்த ஐந்து நிமிடம் முடிய ஐம்பது நிமிடம் ஆயிற்று. 28ஆம் தேதியும் அதே ஐந்து விரல். கால் கடுக்க நின்றதை விடுங்கள், எனக்கு நின்று பழக்கம்தான். ஆனால் கூட்டம் நீள நீள, தேக்காச் சந்தையிலிருந்து வரவழைத்த வடையின் சட்னி மேசையில் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. 5 மணிக்கு ஒரு துடைப்பில் போவது 6 மணிக்குச் சுரண்டினாலும் போவதில்லை. அரை மணி நேர வேலை முக்கால் மணி நேரமாவது இதனால்தான்.

4. இனிச் சொல்லப்போவதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். செப்டம்பர் 11 அன்று 5.15க்கு நான் கதவைத் தட்டினேன். அன்று ஐந்து விரலைக் காட்டியவர் தாங்கள். தங்களுக்குப் பின்னால் இருந்த திரையில், கூட்ட அறைச் சுத்தத்தில் ஏற்படும் தாமதம் என்று ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. நான் உயர்நிலை நான்கு வரை படித்தவள். கண்ணாடிக்கு வெளியிலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. நான் ஏன் தாமதமாகச் சுத்தம் செய்கிறேன் என்று பதினேழு பேர் ஒரு மணி பத்து நிமிடம் பேசினீர்கள். அந்த ஒரு மணி பத்து நிமிடமும் நான் கதவுக்கு வெளியே துணியும் வாளியுமாக நின்றேன்.

5. கதவைத் திறந்து, தங்கம், ஏன் தாமதம் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை, அதனால்தான் என்று சொல்லியிருப்பேன். இரண்டு நிமிடத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. 6.50க்கு அறை இன்னும் தயாராகவில்லை என்று அன்றைய தேதியையே போட்டுத் திங்கட்கிழமை என் கையில் கடிதம் கொடுத்தார்கள். அடேயப்பா! 6.50க்கு நான் அந்த மேசையில் சட்னியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

6. கூட்டம் நடத்துவதைப் பற்றிப் பேச இவள் யார் என்று தோன்றலாம். பதினோரு ஆண்டுகளாக அந்த அறையின் வெள்ளைப் பலகையை அழிப்பவள் நான். எந்தக் கூட்டத்தில் என்ன முடிவானது, எது முடிவாகவில்லை என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமைப் பலகையில் ஏழு வாரமாக ஒரே வரி இருக்கிறது. 13ஆம் மாடிப் பிரிண்டரை எங்கே வைப்பது என்பது அந்த வரி. அதற்குப் பக்கத்தில், அடுத்த வாரம் பார்ப்போம் என்று எழுதியிருக்கும். ஏழு முறை அழித்துவிட்டேன். பிரிண்டர் இன்னமும் நடைபாதையில்தான் நிற்கிறது. அதைச் சுற்றித்தான் தினமும் தரை துடைக்கிறேன்.

7. அதே அறையில் செவ்வாய்க்கிழமைகளில் ஆவணப் பிரிவுத் தலைவி திருமதி ஷபானா கூட்டம் நடத்துகிறார். ஆள் வருவதற்கு முன்பே பலகையில் மூன்று கேள்விகளை எழுதி வைத்துவிடுவார். நான்காவது கேள்வியை நான் பார்த்ததே இல்லை. தன் கேள்வி முடிந்தவர் எழுந்து போய்விடலாம், அவர் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. நான் அழிக்கப் போகும்போது ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கும். ஒரு மணி நேரத்திற்குப் பதிவு செய்துவிட்டு நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, நாற்காலிகளைக்கூட உள்ளே தள்ளிவிட்டுத்தான் போகிறார்கள். தங்கள் கூட்டத்திலிருந்து கழிவறைக்கு வந்த ஒரு பெண், பெயர் சொல்லமாட்டேன், ஆறு மாத கர்ப்பிணி, தன்னிடம் கேட்க வேண்டியதை 4.10க்கே கேட்டு முடித்துவிட்டார்கள், ஆனால் எழுந்து போக முடியவில்லை என்று என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். அவரை நினைத்து எனக்கு மனசு ஆறவே இல்லை.

8. இதில் எனக்கு என்ன நட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் துப்புரவு மேற்பார்வையாளர் வேலை ஒன்று காலியாகிறது. பதினோரு ஆண்டு துடைத்த எனக்கு அந்த வேலைமேல் ஆசை இருக்கிறது. சொல்ல வெட்கமில்லை. அதற்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், எச்சரிக்கை எதுவும் இருக்கக்கூடாது என்று தங்கள் பிரிவின் அறிவிப்பே சொல்கிறது. சான்றிதழுக்காகப் பாய லேபாரில் வியாழன்தோறும் 7 மணி வகுப்புக்குப் போகிறேன். மொத்தம் பன்னிரண்டு வகுப்புகளில் மூன்றுக்கு மேல் தவறவிடக்கூடாது. கால் மணி நேரம் தாமதமாகப் போனாலே வரவில்லை என்றுதான் கணக்கு. நான் தவறவிட்ட மூன்றும் எந்தெந்த நாள் என்பதை இரண்டாம் பத்தியில் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

9. மீதம் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. நாளை மறுநாள் ஒன்று, 25ஆம் தேதி ஒன்று. 25ஆம் தேதி எனக்குத் தேர்வு. என்ன தேர்வு தெரியுமா, ஐயா? ஐந்து பணியாளர்களைக் கூட்டி வைத்து அன்றைய வேலையைப் பிரித்துச் சொல்லி, அவர்களுடைய குறையையும் கேட்டு, பத்து நிமிடத்தில் கூட்டத்தை முடிக்கவேண்டும். பதினோராவது நிமிடம் ஆனால் மதிப்பெண் குறையும். வீட்டில் அடுப்பு மேல் கடிகாரத்தை வைத்துப் பழகுகிறேன். இப்போது ஒன்பது நிமிடத்தில் முடிக்கிறேன்.

10. ஆகவே தாங்கள் செய்யவேண்டியது இது: நாளை புதன்கிழமை மாலை 5 மணிக்குள் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, என் கோப்பிலிருந்தும் எடுத்துவிடவேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்தை 5 மணிக்கு முடிக்கவேண்டும். பேச்சு மிச்சமிருந்தால் 12ஆம் மாடியில் சின்ன அறை காலியாகத்தான் இருக்கிறது, அங்கே போய்ப் பேசலாம். அதைக் காலையில் வந்து நானே சுத்தம் செய்துகொள்கிறேன்.

11. வருகிற வியாழன் 5.15க்கு வழக்கம்போல் கதவைத் தட்டுவேன். மறுபடியும் விரலைக் காட்டினால், வந்த நேரத்தைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, துணியையும் ஸ்ப்ரே பாட்டிலையும் வாசலில் வைத்துவிட்டு, 6 மணிக்கு ரயிலுக்குப் போய்விடுவேன். இதை மிரட்டல் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வேலை நேரம் 6 மணி வரைதான் என்று தங்கள் கையொப்பமுள்ள என் நியமனக் கடிதம் சொல்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மனுவை எந்தக் கூட்டத்திலும் வைக்காதீர்கள். பதினேழு பேரிடம் கருத்துக் கேட்க இதில் ஒன்றும் இல்லை. எச்சரிக்கைக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் தாங்கள் ஒருவர்தான். அதைத் திரும்பப் பெறவும் தாங்கள் ஒருவரே போதும். ஏதேனும் கேட்கவேண்டுமானால் என்னைக் கேளுங்கள். நான் கதவுக்கு வெளியேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி. தங்கம்

இடம்: தஞ்சோங் பகார்
நாள்: 16.9.2025, செவ்வாய்க்கிழமை

இணைப்புகள்:
கதவுத் தாளின் நகல், மூன்று பக்கம்.
எச்சரிக்கைக் கடிதம், அசல். பெற்றுக்கொண்டு ஏற்கிறேன் என்ற இடத்தில் நான் கையொப்பமிடவில்லை. இடவும் மாட்டேன்.